அந்தப் பூக்கார அம்மா சிரித்தாரா?

கேள்வி: திருச்சியில் விஸ்காம் கடைசி ஆண்டு படிக்கிறேன். இரண்டு நண்பர்களோடு சேர்ந்து பிராங்க் சேனல் நடத்துகிறேன். போன மாதம் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் பூ விற்கும் வயதான அம்மா ஒருவரிடம், மாநகராட்சி அதிகாரி போலக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போய், "இன்னியோட இந்த இடத்தைக் காலி பண்ணணும், கூடையைத் தூக்கிக்கிட்டுப் போறோம்" என்றேன். அவர் கெஞ்சினார், அழுதார், என் காலில் விழப் போனார். உடனே கேமராவைக் காட்டி 500 ரூபாய் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு சிரித்தார். வீடியோவை நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். இப்போது அவருடைய மகன் அழிக்கச் சொல்லி போன் செய்கிறார். நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். என் அம்மா அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. எனக்கு ஆதர்சம் 'போரட்' என்ற நகைச்சுவைப் படத்தில் நடித்த சாஷா பாரன் கோஹன். அவரும் விஷயம் தெரியாதவர்களை ஏமாற்றித்தானே படம் பிடித்தார்? அவரை மேதை என்கிறார்கள். நான் செய்தால் மட்டும் தப்பா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தம்பி, இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன்பே அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். மகன் கேட்டுவிட்டார், அது போதும். நண்பர்களோடு ஓட்டெடுப்பு நடத்த வேண்டிய விஷயம் இல்லை இது. எடுத்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

உங்கள் கேள்வி நியாயமானது. அவர் செய்தால் கலை, நான் செய்தால் குற்றமா என்று கேட்கிறீர்கள். அவர் செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லப்போவதில்லை. அவரும் ஓரிடத்தில் நீங்கள் செய்ததையே செய்தார். அதைவிடப் பெரிதாகவே செய்தார். ஆனால் அவருக்குப் பெயர் வந்தது அந்த இடத்தால் இல்லை. அவரை ஆதர்சம் என்று சொல்கிறவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

லண்டன்காரர், 1971-இல் பிறந்தவர், யூதக் குடும்பம். கேம்பிரிட்ஜில் வரலாறு படித்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் யூதர்களின் பங்கு பற்றி அங்கே ஆய்வேடு எழுதினார். பிறகு பிலிப் கோலியே என்ற பிரெஞ்சு ஆசிரியரிடம் கோமாளிக் கலையை முறையாகக் கற்றார். 1998-இல் பிரிட்டனின் சேனல் 4-இல் 'அலி ஜி' என்ற வேடத்தில் வந்தபோதுதான் நாடு அவரைக் கவனித்தது. அரைகுறை அறிவுள்ள இளைஞனாகப் போய் அரசியல்வாதிகளிடமும் அறிஞர்களிடமும் அபத்தமான கேள்விகள் கேட்பார். எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதுதான் நிகழ்ச்சி. சிலர் பொறுமையாக விளக்குவார்கள், சிலர் எரிந்து விழுவார்கள். முட்டாளாகத் தெரிவது முதலில் அவர்தான். எதிராளி எப்படித் தெரிய வேண்டும் என்பது எதிராளியின் கையிலேயே இருந்தது.

உங்கள் வீடியோவில் அந்த அம்மாவின் கையில் என்ன இருந்தது? அழுவதைத் தவிர அவருக்கு நீங்கள் ஒரு வழியும் வைக்கவில்லை.

'போரட்' படத்தின் ரோடியோ காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வர்ஜீனியா மாநிலத்தின் சேலம் என்ற ஊர். (நம் சேலத்தின் பெயரேதான்.) கஜகஸ்தான் நிருபர் வேடத்தில் மைதானத்தின் நடுவே நின்று, இராக் போரை ஆதரிப்பதாகச் சொல்லி ஆரம்பிக்கிறார். கூட்டம் கைதட்டுகிறது. இராக்கில் ஒவ்வொரு ஆண், பெண், குழந்தையின் ரத்தத்தையும் உங்கள் அதிபர் குடிக்கட்டும் என்கிற அளவுக்குப் போகிறார். அதற்கும் கொஞ்சம் கைதட்டல் விழுகிறது. பிறகு அமெரிக்க தேசிய கீத மெட்டில் இட்டுக்கட்டிய வரிகளைப் போட்டுப் பாடியதும் கூச்சல் கிளம்புகிறது. ரத்தத்தைக் கேட்டபோது வராத கோபம் பாட்டைக் கேட்டதும் வருகிறது. அந்தக் காட்சியில் மாட்டிக்கொள்வது தனி ஆள் ஒருவரும் இல்லை. ஒரு கூட்டத்தின் மனசு வெளியே வருகிறது. அங்கே அடி விழுந்திருந்தால் தனியே நடுவில் நின்ற அவருக்குத்தான் விழுந்திருக்கும்.

2018-இல் 'ஹூ இஸ் அமெரிக்கா' தொடரில், பயங்கரவாத எதிர்ப்புப் பயிற்சி தரும் இஸ்ரேலியராக நடித்து ஜார்ஜியா மாநில சட்டமன்ற உறுப்பினர் ஒருவரைச் சந்தித்தார். அந்த உறுப்பினர் பயிற்சி என்று நம்பி இனவெறிச் சொல்லைக் கத்தினார், கால்சட்டையைக் கழற்றினார். ஒளிபரப்பான சில நாட்களில் பதவி விலகினார். சட்டம் இயற்றும் நாற்காலியில் இருந்தவர் அவர். அவரை யாரும் மிரட்டவில்லை. வேண்டாம் என்று எழுந்து போக முடிந்தவர், போகவில்லை. இதற்காகக் கோஹனைப் பாராட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.

இனி அந்த இன்னொரு இடத்துக்கு வருகிறேன்.

'போரட்' தொடக்கத்தில் போரட்டின் சொந்த ஊர் என்று ஒரு கிராமம் வருகிறதே, அது கஜகஸ்தானில் இல்லை. ருமேனியாவில் கிளோட் என்ற ஏழை ஊர். ரோமா மக்கள் வாழும் இடம், ஐரோப்பாவில் காலங்காலமாக ஒதுக்கப்பட்டவர்கள். படப்பிடிப்புக் குழு வந்தபோது, தங்கள் கஷ்டத்தைப் பற்றிய ஆவணப்படம் என்று நினைத்தோம் என்று அந்த மக்கள் பின்னால் சொன்னார்கள். திரையில் அவர்கள் யாராக வந்தார்கள் தெரியுமா? ஊரின் பாலியல் குற்றவாளி, விலைமாது என்று. அவர்களுக்குப் புரியாத மொழியில், அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லி. கூலி மிகச் சொற்பம் என்றார்கள். உரிய கூலி கொடுத்தோம், ஊருக்கு நன்கொடையும் கொடுத்தோம் என்றது படத் தரப்பு. ஊர்க்காரர்கள் சார்பில் நியூயார்க்கில் 3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். அது நிற்கவில்லை. ஏறத்தாழ 1.8 கோடி டாலரில் எடுத்த படம் 26 கோடிக்கு மேல் வசூலித்தது. 2007-இல் கோஹனுக்கு கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது.

அந்தக் காட்சிகளைப் பார்த்து நானும் வயிறு குலுங்கச் சிரித்தவள்தான். அவர்கள் நடிகர்கள் என்று நினைத்திருந்தேன். உண்மை தெரிந்த பிறகு மறுபடி பார்த்தேன், முடியவில்லை. ஒரு கிழவர் கேமராவைப் பார்த்து வெள்ளந்தியாகப் புன்னகைக்கிறார். தன்னை என்னவென்று சொல்கிறார்கள் என்று தெரியாத புன்னகை. உங்கள் பூக்கார அம்மா 500 ரூபாயை வாங்கிக்கொண்டு சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் எனக்கு அந்தக் கிழவர் முகம்தான் வந்தது. அந்த அம்மா சிரித்தது வேடிக்கைக்காக இல்லை, தம்பி. கூடை பிழைத்ததே என்று சிரித்திருக்கிறார்.

கஜகஸ்தான் அரசும்தான் கோபப்பட்டது. 2005-இல் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது, அமெரிக்கப் பத்திரிகையில் பக்கம் பக்கமாக விளம்பரம் போட்டது. 2012-இல் அதே நாட்டின் வெளியுறவு அமைச்சர், படத்தால் விசா கேட்டு வருவோர் பத்து மடங்கு கூடினார்கள் என்று நன்றி சொன்னார். 2020-இல் போரட் அடிக்கடி சொல்லும் 'வெரி நைஸ்' என்ற சொல்லையே சுற்றுலா வாசகமாக்கிக்கொண்டார்கள். ஓர் அரசுக்குப் பணம் இருக்கிறது, பதில் சொல்ல வாய் இருக்கிறது, காலம் போனால் சேர்ந்து சிரிக்கவும் முடிகிறது. கிளோட் ஊருக்கு இதில் எது இருந்தது?

"படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டால் சரியா?" என்று அடுத்து கேட்பீர்கள். கோஹன் குழு வழக்கமாக வாங்கியது. 'போரட்' படத்தில் கார் ஓட்டக் கற்றுத்தரும் ஒருவர் வருவார். என்ன தொந்தரவு செய்தாலும் பொறுமை இழக்காத மனிதர். பார்த்தவர்களுக்கெல்லாம் அவரைப் பிடித்துப்போனது. ஆனாலும் அவர் வழக்குப் போட்டார். 500 டாலர் ரொக்கம் கொடுத்து, ஆவணப்படம் போன்ற ஒன்று என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள், ஏமாற்றப்பட்டேன் என்றார். 2008-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கையெழுத்து கையெழுத்துதான் என்றது. சட்டப்படி கோஹன் ஜெயித்தார். ஆனால் திரையில் நல்லவராகத் தெரிந்த மனிதருக்குக்கூட உள்ளே காயம் இருந்ததே, அதை அந்தத் தீர்ப்பு ஆற்றியிருக்காது. அங்கே 500 டாலர், இங்கே 500 ரூபாய். நீங்களோ கையெழுத்துகூட வாங்கவில்லை.

எனக்கு இந்த மனிதர் மேல் மரியாதை வந்தது 2020-இல், இரண்டாம் 'போரட்' படத்தில். அதில் அட்லாண்டாவில் ஒரு யூத வழிபாட்டுத் தலத்துக்குள், யூதர்களை இழிவுபடுத்தும் கோமாளி வேடத்தில் போவார். அங்கே நாஜிக் கொடுமையிலிருந்து தப்பிப் பிழைத்த ஒரு பாட்டி. வேடத்தைப் பார்த்துச் சீறவில்லை. அருகே அழைத்து, கட்டிப்பிடித்து, சாப்பிட ஏதோ கொடுத்துப் பேசுகிறார். அந்தக் காட்சி முடிந்ததும், கோஹனும் யூதர்தான், இது வெறுப்பை அம்பலப்படுத்தும் படம் என்று அந்தப் பாட்டிக்குச் சொல்லிவிட்டார்கள். வேடத்தைக் கலைக்காமல் இருப்பதையே விரதம் போல வைத்திருந்தவர், அவருக்காகக் கலைத்தார். படம் வருவதற்குள் பாட்டி இறந்துவிட்டார். படத்தை அவருக்குச் சமர்ப்பித்தார்கள். அப்படியும் பாட்டி தரப்பிலிருந்து வழக்கு வந்தது, நீடிக்கவில்லை. சொல்லிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஆனால் சொல்ல வேண்டும் என்று கோஹனுக்குத் தோன்றியிருக்கிறது.

அதே படத்தில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண்மணி, போரட்டின் மகளாக நடித்த மரியா பகலோவாவைப் பார்த்துக்கொள்ள வருவார். எல்லாம் நிஜம் என்று நம்பி, உனக்கு அழகு சிகிச்சை வேண்டாம், மூளையைப் பயன்படுத்து என்று அந்தப் பெண்ணுக்குப் புத்தி சொல்வார். படப்பிடிப்பு முடிந்த பிறகும் அந்தப் பிள்ளை என்ன ஆனாளோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். படத்திலேயே மிக உயரமாக நிற்பவர் அவர்தான். வெளியான பிறகு அவருடைய தேவாலயத்தார் அவருக்காக நிதி திரட்டினார்கள். கோஹன் அந்தச் சமூகத்துக்கு 1 லட்சம் டாலர் கொடுத்தார். முன்பே செய்திருக்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நானும் சொல்வேன். ஆனால் கிளோட் ஊரிலிருந்து இந்த அம்மா வரை வந்த தூரத்தைப் பாருங்கள். எளியவர்கள் வரும் இடத்தில் கேமரா அவர்களை மேலே தூக்குகிறது. பரிகாசம் வேறு ஆட்களிடம் போகிறது.

இன்னொன்று, அந்தப் படத்துக்காக வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியா நகரில், துப்பாக்கியோடு பலர் வந்திருந்த ஒரு வலதுசாரிக் கூட்டத்தில் மேடையேறிப் பாடினார். உள்ளே குண்டு துளைக்காத உடுப்பு. கூட்டம் கண்டுகொண்டு பாய்ந்ததும் தயாராக நின்ற ஆம்புலன்ஸில் ஏறித் தப்பினார். இதற்குமேல் இந்த வேடம் வேண்டாம் என்று பிறகு சொல்லிவிட்டார். கேமரா ஓடிய அந்த ஐந்து நிமிடத்தில் உங்களுக்கு என்ன ஆபத்து இருந்தது? பயந்தவர் ஒருவர், பணம் வந்தது இன்னொருவருக்கு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பயமுறுத்த இல்லை, உங்களுக்குத் தெரியாது என்று நினைப்பதால். அரசு ஊழியர் போல நடித்து அந்தத் தோரணையில் காரியம் செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 204-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை டிக்டாக் வழக்கில் உத்தரவு போட்டபோது பிராங்க் வீடியோக்களையும் கண்டித்தது. ஒன்றும் அறியாதவரைக் கேலிப்பொருளாக்குவது அவருடைய அந்தரங்க உரிமையை மீறுவது என்றது. அந்த மகன் காவல் நிலையம் போகாமல் உங்களுக்கு போன் செய்திருக்கிறார். அது அவருடைய பெருந்தன்மை.

சேனலை மூடச் சொல்ல மாட்டேன். திறமை இல்லாதவரால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. ஆனால் வேடத்தை மாற்றுங்கள். அதிகாரியாகப் போகாதீர்கள், ஏமாளியாகப் போங்கள். மூன்று மாதத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று ஹோட்டல் அறையில் கூட்டம் போடுகிறவர்கள் முன் வரிசையில், எதுவும் புரியாத பையனாக உட்கார்ந்து சந்தேகம் கேளுங்கள். ஏழு நாளில் சிவப்பழகு என்று விற்கிறவரிடம், தாத்தாவுக்கும் வாங்கலாமா என்று அப்பாவியாகக் கேளுங்கள். அவர்கள் பேசட்டும். வெளியிடும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். இதற்கு உழைப்பு அதிகம், ஒரு வீடியோவுக்கு ஒரு மாதம்கூட ஆகும். நண்பர்கள் சலித்துக்கொள்வார்கள். பரவாயில்லை.

அதற்கு முன் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு ஒருமுறை போக வேண்டும். தனியாகப் போங்கள். கேமரா வேண்டாம், போனையும் பையிலேயே வையுங்கள். மன்னிப்புக் கேட்பதைப் படம் பிடித்துப் போட்டால் அது இரண்டாவது பிராங்க். நாலு லட்சம் பேரில் அவருடைய தெருக்காரர்கள் எத்தனை பேர், பேரப்பிள்ளைகளை பள்ளிக்கூடத்தில் யார் என்ன கேட்டார்கள் என்று அவர் சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். திட்டினால் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வீடியோவில் வந்த வருமானம் எவ்வளவோ, அதை மகனிடம் சொல்லிவிட்டு அவர்களிடமே கொடுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொல்லுங்கள். பூக்கார அம்மா என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். இங்கே போட மாட்டேன்.