அமலுக்கு வராத ஒப்பந்தம்

அன்புள்ள ஐயா,

அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட வேண்டும் என்ற தங்கள் கட்டுரையைப் படித்தேன். 1996-இல் எழுதப்பட்ட அந்த ஒப்பந்தம் இன்னும் அமலுக்கு வரவில்லை. இந்தியா கையெழுத்தே இடவில்லை; ஒப்புதல் அளித்திருந்த ரஷ்யாவும் 2023-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. வெறும் காகிதத்துக்காகக் கடலூரில் இருக்கும் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?

ஒரு வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதுநகர் துறைமுகத்தில் கூடை கூடையாக மீன் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள் என்பதால், ஒரு மீன்பிடிப் படகிலிருந்தே தொடங்குகிறேன். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், அறிவிக்கப்பட்ட அபாய எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின் மேல் வெள்ளைப் பொடியாக மணிக்கணக்கில் உதிர்ந்தது. என்னவென்று அறியாமல் மீனவர்கள் அதை வெறுங்கையால் அள்ளிக் கொட்டினார்கள். படகிலிருந்த 23 பேரும் கதிர்வீச்சு நோய்க்கு ஆளானார்கள். வானொலிக் கருவியை இயக்கியவர் செப்டம்பரில் இறந்தார். சோதனைகளை நிறுத்திவைக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்றே மக்களவையில் கேட்டவர் நேரு.

1963-ஆம் ஆண்டின் மாஸ்கோ ஒப்பந்தம் வளிமண்டலம், விண்வெளி, நீரடி ஆகிய மூன்றிலும் சோதனையைத் தடுத்து, நிலத்தடியை விட்டுவிட்டது. அந்த ஓட்டையை அடைக்க வந்த 1996 ஒப்பந்தம், குறிப்பிட்ட 44 நாடுகளும் ஒப்புதல் அளித்தாக வேண்டும் என்ற விதியால் முடங்கிக் கிடப்பது உண்மைதான். ஆனால் அதை வெறும் காகிதம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நில அதிர்வையும், கடலடி ஒலியையும், காற்றில் கலந்த கதிரியக்கத்தையும் கண்டறிய 337 நிலையங்களும் ஆய்வகங்களும் கொண்ட வலையை அது திட்டமிட்டது. அதில் பெரும்பகுதி இன்று இயங்குகிறது. 2006 அக்டோபரில் வடகொரியா மலைக்கடியில் சிறியதொரு குண்டை வெடித்தபோது, வலை பாதியளவே முடிந்திருந்த நிலையிலும் அதிர்வு பதிவானது. இரண்டு வாரம் கழித்து, அங்கிருந்து கசிந்த செனான் என்னும் கதிரியக்க வாயு கனடாவின் யெல்லோநைஃப் நிலையத்தில் சிக்கியது. இனி எவரும் மறைவாக வெடித்துவிட்டு எளிதில் மறுக்க முடியாது.

தேவனாம்பட்டினத்தைக் கடல் சூறையாடிய 2004 டிசம்பர் 26 அன்றும் இந்நிலையங்கள் நிலநடுக்கத்தைப் பதிவுசெய்தன. அப்பதிவுகளைச் சுனாமி எச்சரிக்கை மையங்களுக்கு அனுப்பும் ஏற்பாடுதான் அன்று இல்லை. அந்தப் பேரழிவுக்குப் பிறகே அது உருவானது. நம் ஊருக்கும் இதில் கவலைப்பட இடமுண்டு என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆயுதக் குறைப்புக்குக் காலவரையறை இல்லை என்று 1996-இல் இந்தியா மறுத்ததில் நியாயம் இருந்தது. ஆயினும் 1998 மே மாதத்துக்குப் பின் நாம் சோதனையே செய்யவில்லை; தானாக ஏற்றுக்கொண்ட அந்தக் கட்டுப்பாட்டைக் கையெழுத்தாக்கினால் நாம் இழப்பது என்ன என்று எனக்கு விளங்கவில்லை. இந்தியா கையெழுத்திட வேண்டும் என்றே எழுதினேன், இன்னமும் அதையே எழுதுவேன்.