சாரலில் அழுகிய சால்வியாக் குச்சிகள்

கேள்வி: செங்கோட்டையை அடுத்த புளியரையில் குடியிருக்கிறோம். சென்ற ஆண்டு புனலூரிலிருந்து சிவப்பு சால்வியாவும் நீல சால்வியாவும் வாங்கி வந்து வைத்தேன். கொடைக்கானலில் இருக்கும் என் நாத்தனார், ஊதா நிறத்தில் பஞ்சு போலப் பூக்கும் இன்னொரு வகையைக் கொடுத்தார். ஆடி மாதத்தில் மூன்றிலும் பத்துப் பத்துக் குச்சிகள் வெட்டி, மண்ணும் தொழுஉரமும் கலந்த தொட்டிகளில் நட்டு, பாலித்தீன் பையால் மூடி வைத்தேன். பத்தே நாட்களில் அடித்தண்டு கறுத்து எல்லாம் சாய்ந்துவிட்டன. சிவப்புச் செடியில் எடுத்த விதையும் முளைக்கவில்லை. எங்கே தவறு நேர்ந்தது?
— ஒரு வாசகி, புளியரை

பதில்: அம்மா, தங்கள் கைராசியைக் குறை சொல்ல வேண்டாம். சால்வியா துளசிக் குடும்பத்துச் செடி. தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தால் துளசியைப் போலவே நான்கு பட்டையாக இருப்பது தெரியும். துளசியைப் போலவே குச்சியிலிருந்து எளிதில் வேர்விடவும் செய்யும். ஆகவே முப்பது குச்சிகளும் ஒருசேரப் போயின என்றால் காரணம் செடியில் இல்லை, நட்ட காலத்திலும் மூடிய பையிலும்தான் இருக்கிறது.

கறுப்பு அடியிலிருந்து ஏறியதாகத் தாங்கள் எழுதியிருப்பதே நோயைக் காட்டிக்கொடுக்கிறது. நீர் போதாமல் வாடும் குச்சியில் நுனி முதலில் தொங்கும், அடித்தண்டு பச்சையாகவே இருக்கும். அடி கறுத்துக் குழைந்தால் அது பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசணங்களின் வேலை. நாற்றங்காலில் நாற்றழுகலை உண்டாக்குபவையும் இவையே. வேரில்லாத குச்சி இலை வழியாக நீரை இழந்து காயாமல் இருப்பதற்காகத்தான் பையால் மூடச் சொல்கிறார்கள். ஆனால் ஆரியங்காவு கணவாயின் வாயிலிலேயே இருக்கும் தங்கள் ஊரில், ஆனி, ஆடியில் காற்றே ஈரமாக வீசும்போது, மேலும் ஒரு பையைக் கவிழ்ப்பது நனைந்தவனுக்கு ஈரப் போர்வை போர்த்துவதைப் போன்றது. போதாததற்கு, கலவையில் இருந்த தொழுஉரம் பூசணத்துக்குத் தீனியாயிற்று.

சமவெளிக்கு எழுதப்படும் பயிர் நாட்காட்டிகள் தங்களுக்கு அப்படியே பொருந்தா என்பதையும் சொல்ல வேண்டும். இதே மாவட்டத்தின் கிழக்கே சங்கரன்கோவிலில் ஆடியில் புழுதி பறக்கும்; அங்கே பை தேவைப்படும். தங்களுக்கு உகந்தவை இரண்டு பருவங்கள். சாரல் ஓய்ந்து வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் வரும் ஆவணிக் கடைசியும் புரட்டாசி முதற்பாதியும் ஒன்று. மழை முற்றிலும் விட்ட தை, மாசி மற்றொன்று. இரண்டில் நான் தை மாதத்தையே விரும்புவேன், ஏனெனில் புரட்டாசியில் நட்ட இளங்கன்றுகள் வேரூன்றியதும் அடைமழையைச் சந்திக்க நேரும்.

குச்சியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. பூங்கொத்து வந்துவிட்ட கிளை வேர்விடத் தயங்கும் என்பதால், மொட்டு வைக்காத கிளையாகப் பார்க்க வேண்டும். அப்படி ஒன்றும் அகப்படாவிட்டால், தாய்ச்செடியை மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்து மூன்று, நான்கு வாரங்கள் பொறுத்தால் பூவில்லாத புதுத் தளிர்கள் கிளம்பும். அந்தத் தளிரை வளைத்துப் பாருங்கள்: நனைந்த நூல் போல மடங்கினால் இன்னும் இளசு, பழுப்பேறி விறைத்து நின்றால் முற்றல், ‘படக்’ என்று ஒடிந்து உள்ளே பச்சையாகத் தெரிந்தால் அதுவே பதம். காலை வெயில் ஏறுமுன், நான்கு விரற்கடை நீளத்துக்கு, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான பிளேடால் வெட்டுங்கள். வேர்கள் பெரும்பாலும் கணுவிலிருந்தே வருவதால், கீழ் இரண்டு கணுக்களின் இலைகளை நீக்கி அவை இரண்டும் புதையும்படி நட வேண்டும். மேலே இரண்டு ஜோடி இலைகள் போதும். அவை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். வேர்விடும் ஊக்கிப் பொடி கையிலிருந்தால் தொட்டுக்கொள்ளலாமே தவிர, சால்வியாவுக்கு அது கட்டாயமில்லை.

கலவையில் உரமே வேண்டாம். கழுவிய ஆற்றுமணல் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். நார்க்கழிவில் உப்பு மிகுதியாக இருக்கக்கூடும் என்பதால், இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். எம்-சாண்ட் மட்டும் கிடைத்தால் அதிலுள்ள மாவு போன்ற தூள் போகும்வரை அலசிவிடுங்கள். இல்லாவிடில் அது சிமெண்ட் போல இறுகிக் காற்றை அடைத்துவிடும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டம்ளரின் அடியில் நான்கு துளையிட்டு அதில் நடுவதை நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் வேர் வந்ததா என்று குச்சியைப் பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அது தவிர்க்கும். வெள்ளை வேர் சுவரோரம் தானாகவே தெரியும். மழை நேரே விழாத, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் வைத்து, மேல்மண் வெளுக்கும்போது மட்டும் தெளித்து வந்தால், இரண்டு முதல் மூன்று வாரங்களில் வேர் பிடிக்கும்.

இனி விதை. பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட சிவப்பு சால்வியாவில் குழல் போன்ற பூ உதிர்ந்த பின்னும், அதன் அடியைச் சூழ்ந்திருக்கும் மணி போன்ற உறையான புல்லிவட்டம் பல நாட்கள் சிவப்பாகவே இருப்பதால், எது விளைந்தது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த உறையைப் பிரித்து உள்ளே பாருங்கள். அதிகம் போனால் நான்கு விதைகள் இருக்கும். அவை வெளிர்பச்சையாக இருந்தால் எடுத்துப் பயனில்லை, கரும்பழுப்பான பின்னரே முளைக்கும்; ஆனால் அதற்குள் காற்றில் கொட்டிவிடும். அதனால் கதிரின் அடிப்பூக்கள் உதிர்ந்ததுமே மெல்லிய துணிப்பையைக் கட்டிவிடுவது நல்லது. அவரை விதையைப் போல ஆழமாகப் புதைத்திருந்தால் அதுவும் முளைக்காமைக்குக் காரணமாகும். இதற்கு வெளிச்சம் வேண்டும். ஈரக் கலவையின் மேல் தூவி, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மணல் தூவினால் போதும், பத்து முதல் பதினைந்து நாட்களில் முளைக்கும். வாங்கிய செடி கலப்பினமாக இருந்தால் குட்டிகள் உயரத்திலும் நிறத்திலும் தாயைப் போல இருக்குமென்று எதிர்பார்க்க முடியாது. அதே செடி வேண்டுமென்றால் குச்சியே வழி.

நாத்தனார் கொடுத்தது மெக்சிகோவைச் சேர்ந்த புதர் சால்வியாவாக இருக்க வேண்டும். அதில் ஊதாவாகத் தெரிவது பட்டுப் போன்ற புல்லிவட்டம். அதற்குள்ளிருந்து எட்டிப்பார்க்கும் பூ பெரும்பாலும் வெள்ளை. இதில் விதைக்குக் காத்திருக்க வேண்டாம். தூரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை வேரோடு பிரித்து நடலாம், அல்லது தாழ்ந்த கிளையை வளைத்து மண் பதியன் போடலாம். குளிர்ந்த மலைகளில் பூப்பதைப் போல அது தங்கள் ஊரில் பூக்காது. பிற்பகல் நிழல் விழும் இடத்தில் வையுங்கள். நீல சால்வியாவில் பெருத்த தூரை மாசியில் கத்தியால் பிளந்து நடுவதே குறைந்த சிரமம்.

யாரேனும் விதையைத் தூவினாலே வளரும் இன்னொரு சிவப்பு சால்வியாவைத் தந்தால், அதை வேலிக்கு வெளியே போகவிடாதீர்கள். மலையடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை தேவை. காட்டை அடைத்துக் கிடக்கும் உண்ணிச்செடியும் முதலில் அழகுச் செடியாகத்தான் வந்தது.

வேர் பிடித்த குச்சிகளைச் செம்மண், மணல், மண்புழு உரம் சம பங்கு கலந்த பைகளுக்கு மாற்றுங்கள். உரத்தில் கிலோவுக்குப் பத்து கிராம் வீதம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து ஒரு வாரம் நிழலில் ஈரமாக வைத்திருந்து பயன்படுத்தினால் அழுகல் மீண்டும் தலைகாட்டுவது குறையும். ஆறு இலைகள் விட்டதும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். முதலில் வரும் பூங்கொத்தையும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளினால், பக்கக் கிளைகள் நன்றாக விரியும்.