பெல்ட் உங்களிடமே இருக்கட்டும்

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. வார இறுதிகளில் கிளப் அளவிலான கார் பந்தயங்களில் ஓட்டுவான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு பந்தயத்தில் கார் தடுப்புச் சுவரில் மோதி இறந்துவிட்டான். மீட்புக் குழுவினர் அவனை வெளியே எடுத்தபோது இடது பக்க இடுப்பு பெல்ட் இரண்டாகப் பிரிந்து கிடந்ததாம். கார் எங்கள் வீட்டு ஷெட்டில்தான் நிற்கிறது. பெல்ட் தயாரித்த நிறுவனத்தின் வக்கீல், "பெல்ட்டை அனுப்புங்கள், சோதித்துப் பார்க்கிறோம். மனிதாபிமான அடிப்படையில் ஒரு தொகையும் தருகிறோம்" என்று ஒப்பந்தம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். 21 நாள் கெடு. நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. பந்தயம் நடத்தியவர்களோ, "எல்லாப் பொறுப்பும் தன்னுடையது என்று உங்கள் தம்பியே கையெழுத்துப் போட்டிருக்கிறார்" என்கிறார்கள். தம்பிக்கு மனைவியும் 4 வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறார்கள். பெல்ட்டை மாட்டிக் கொடுத்தவர் அவனுடைய நண்பரான மெக்கானிக். அவர் மேல் எங்களுக்கு எந்தக் கோபமும் இல்லை. குடும்பத்தின் சார்பில் நான் கையெழுத்துப் போடலாமா?

பதில்: சகோதரி, போடாதீர்கள். பெல்ட்டையும் அனுப்பாதீர்கள். இந்த இரண்டில் எது முக்கியம் என்று கேட்டால் பெல்ட்தான் என்பேன். கையெழுத்தைப் பிறகுகூடப் போட்டுக்கொள்ளலாம். கைவிட்டுப் போன பெல்ட் அதே நிலையில் திரும்பி வராது.

சமரசத்துக்கே நான் எதிரி என்று நினைக்க வேண்டாம். இந்த வகை வழக்குகளில் பல தீர்ப்பு வரை போகாமல் சமரசத்தில்தான் முடிகின்றன. பெல்ட் ஏன் பிரிந்தது என்று ஒரு தரப்புக்கு மட்டும் தெரிந்து, மறுதரப்புக்குத் தெரியாமல் முடிகிற சமரசம்தான் வேண்டாம் என்கிறேன்.

2001 பிப்ரவரி 18 அன்று அமெரிக்காவின் டேட்டோனா 500 கார் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் பிரபல ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் இறந்தார். ஐந்து நாள் கழித்து, அவருடைய இடது இடுப்பு பெல்ட் பிரிந்திருந்தது என்று பந்தயத்தை நடத்தும் நாஸ்கார் அமைப்பு அறிவித்தது. பெல்ட் கம்பெனியை நிறுவிய பில் சிம்ப்சன், பெல்ட்டில் குறையில்லை, எங்கள் அறிவுரைப்படி அதை மாட்டவில்லை என்றார். தனிப்பட்ட முறையில் ஆராய்ந்த மருத்துவ நிபுணரோ, தலை வேகமாக முன்னே சுண்டப்பட்டதால் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்தது, பெல்ட் பிரியாமல் இருந்திருந்தாலும் உயிர் தப்பியிருக்காது என்றார். ஆகஸ்டில் வந்த நாஸ்கார் அறிக்கை பல காரணங்கள் சேர்ந்து கொன்றதாகச் சொன்னது. பெல்ட் அவற்றில் ஒன்று. கடைசியில் சிம்ப்சனே தன் பெயர் கெட்டுவிட்டது என்று நாஸ்கார் மீது 85 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அதுவும் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. என்ன விலைக்கு என்பது வெளியே வரவில்லை.

இதில் உங்களுக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. "பெல்ட் ஏன் பிரிந்தது" என்பது ஒரு கேள்வி. "பெல்ட் பிரிந்ததால்தான் உயிர் போனதா" என்பது வேறு கேள்வி. இரண்டாவதை எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். அதற்குப் பிரேதப் பரிசோதனை அறிக்கையும், தம்பி கழுத்துப் பாதுகாப்புச் சாதனம் அணிந்திருந்தாரா என்ற விவரமும், ஹெல்மெட்டும் வேண்டும். ஹெல்மெட்டை யாராவது நினைவுப்பொருளாகத் துடைத்துக் கழுவி அலமாரியில் வைத்திருந்தால், இனி யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு விடை அந்தத் துணியின் முனையில் இருக்கிறது. பெல்ட் நாடா, நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் உலோகக் கொக்கியின் துவாரம் வழியாக ஓடுகிறது. இழுவை சாய்வாக விழுந்தால் நாடா முழு அகலத்துக்கும் படியாமல் துவாரத்தின் ஒரு மூலையில் போய்ச் சுருண்டு குவியும். அப்போது மொத்தப் பாரமும் ஒரு ஓரத்து இழைகள் மேல் விழுந்து, அங்கிருந்து கிழிய ஆரம்பிக்கும். எர்ன்ஹார்ட்டின் பெல்ட்டுக்கு நடந்ததும் இதுதான் என்று நாஸ்கார் அறிக்கை சொன்னது. இப்படிக் கிழிந்த முனை பிசிறு பிசிறாக இருக்கும். மீட்புக் குழுவினர் கத்தியால் அறுத்திருந்தால் நேராக இருக்கும். வெயிலில் நைந்த நாடா, அமிலம் பட்ட நாடா எல்லாம் நுண்ணோக்கியில் வேறு மாதிரி தெரியும். சுருண்டதற்குக் கொக்கியின் வடிவம் காரணமா, மாட்டிய கோணம் காரணமா என்பதை, பெல்ட் திருகப்பட்டிருக்கும் இடத்தைக் காரோடு சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அதனால் கழற்றவும் வேண்டாம். பெல்ட்டில் தைத்திருக்கும் காலாவதி லேபிளைத் தெளிவாகப் படம் எடுங்கள். பந்தய பெல்ட்டுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. அது கடந்திருந்தால் உங்கள் வழக்கு பலவீனமாகும். கூடவே, அந்தக் காரைப் பரிசோதித்து ஓட்ட அனுமதித்தவர் யார் என்ற கேள்வியும் வரும்.

நிறுவனம் சோதிக்க விரும்பினால் சோதிக்கட்டும். இரு தரப்பு நிபுணர்களும் நேரில் இருக்க, முதலில் எதையும் சிதைக்காத சோதனைகள், எல்லாம் படம் பிடித்து, முன்பே எழுதி ஒப்புக்கொண்ட முறையில் நடக்கட்டும். நேர்மையான எதிர்த்தரப்பு இதற்கு மறுப்புச் சொல்லாது.

பந்தயம் நடத்தியவர்கள் காட்டும், தம்பி கையெழுத்துப் போட்ட படிவத்துக்கு வருவோம். அதைக் கண்டு மலைக்க வேண்டாம். அதன் பலம் நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்துச் சட்டப்படி, தொழில் நடத்துபவர் தன் கவனக்குறைவால் வரும் மரணத்துக்கான பொறுப்பை எந்தப் படிவத்தாலும் தட்டிக்கழிக்க முடியாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாதாரணக் கவனக்குறைவுக்குப் படிவம் செல்லும், மிகக் கடுமையான அலட்சியத்துக்குச் செல்லாது. தயாரிப்பாளர் பெரும்பாலும் அந்தப் படிவத்தில் ஒரு தரப்பாகவே இருக்கமாட்டார். ஆனாலும் வரி வரியாகப் படியுங்கள். "உபகரணம் வழங்கியோர், தயாரித்தோர்" என்று பொடி எழுத்தில் சேர்த்திருப்பார்கள்.

அதற்காக அமைப்பாளர்கள் மீது வழக்குப் போட்டால் ஜெயம் என்றும் இல்லை. இங்கிலாந்தின் குட்வுட் ஓடுதளத்தில் 1998இல் இறந்த ஓட்டுநர் ஒருவரின் குடும்பம், தடுப்பு சரியில்லை என்று வழக்குப் போட்டது. ஓடுதள உரிமையாளருக்கும் தேசிய மோட்டார் பந்தய அமைப்புக்கும் கவனமாக இருக்கும் கடமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அவர்கள் கடமை தவறவில்லை என்று 2004இல் வழக்கைத் தள்ளிவிட்டது.

சரி, ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய நகலின் ஏழாவது பத்தியைத் திரும்பப் படியுங்கள். "இவ்விபத்து தொடர்பாக வேறெவரும் நிறுவனத்தின் மீது கோரிக்கை எழுப்பினால், கையொப்பமிடுவோர் அதை ஈடுசெய்வர்" என்கிறது. பார்த்தால் வழக்கமான வக்கீல் வாசகம்தான். நாளைக்குக் குழந்தையின் சார்பில் யாராவது மெக்கானிக் மீது வழக்குப் போடுகிறார்கள் என்று வையுங்கள். மெக்கானிக், "குறை பெல்ட்டில்தான், அவர்களும் பங்கு தரட்டும்" என்று நிறுவனத்தை உள்ளே இழுப்பார். நிறுவனம் இந்தப் பத்தியைக் காட்டி உங்களிடம் வரும். வாங்கிய பணத்தை, சமயத்தில் அதற்கு மேலும், நீங்களே திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். முப்பது வருடத் தொழிலில் தொகையைப் பத்து முறை எண்ணிவிட்டு இந்த வரியைத் தாண்டிப் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்தி முழுதாகப் போக வேண்டும். முடியாதென்றால் கொடுக்கும் தொகைக்கு மேல் போகாதபடி வரம்பாவது வேண்டும்.

அதோடு, இந்தச் சமரசம் நிறுவனத்தை மட்டும்தான் விடுவிக்கிறது, மற்றவர்கள் மீதான உரிமை அப்படியே இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். சில சட்ட முறைகளில் ஒருவரை விடுவித்தால் எல்லோரையும் விடுவித்ததாக ஆகிவிடும். மெக்கானிக் நண்பரை விட்டுவிட விரும்பினால் அது உங்கள் குடும்பத்தின் முடிவாக இருக்கட்டும். ஒரு வாசகப் பிழையால் நேர்ந்ததாக இருக்க வேண்டாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கையெழுத்துக்கு இதில் மதிப்பே இல்லாமல் போகலாம். இழப்பீட்டுக்கு முதல் உரிமை தம்பியின் மனைவிக்கும் குழந்தைக்கும்தான், அவரை நம்பி வாழ்ந்திருந்தால் பெற்றோருக்கும் உண்டு. அக்கா என்ற பாசம் சட்டத்தில் பங்காகாது. குழந்தையின் பங்கைச் சமரசம் செய்யப் பல நாடுகளில் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி இல்லாத சமரசம், குழந்தை வளர்ந்த பிறகு உடைக்கப்படலாம். இது நிறுவனத்துக்கும் நல்லதல்ல, அவர்கள் வக்கீலுக்கும் தெரியும். 21 நாள் கெடுவை நீட்டச் சொல்ல இது ஒன்றே போதுமான காரணம்.

ரகசியம் காக்கும் பத்தியைப் பாதியாக வெட்டலாம். தொகையை ரகசியமாக வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெல்ட் பிரிந்தது என்ற உண்மையை ரகசியமாக்குவது வேறு விஷயம். அதே அச்சில் வார்த்த கொக்கி இன்னும் எத்தனை கார்களில் இருக்கிறதோ! காவல்துறை, நீதிமன்றம், பந்தய நிர்வாக அமைப்பு, தயாரிப்புப் பாதுகாப்பு அதிகாரிகள் ஆகியோரிடம் பேசும் உரிமை கட்டாயம் விலக்காக இருக்க வேண்டும். பெல்ட்டை வாங்கியவர்களுக்கு எச்சரிக்கை அறிவிப்பு அனுப்புவதையும் ஒரு நிபந்தனையாகவே கேளுங்கள். சில குடும்பங்களுக்குப் பணத்தைவிட அதுதான் தூக்கம் தந்திருக்கிறது.

தொகை எவ்வளவு கேட்கலாம் என்பதை இப்போது சொல்ல மாட்டேன். தம்பியின் சம்பளம், மனைவியின் வயது, குழந்தையின் எதிர்காலம் எல்லாம் கணக்குப் போட வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பின் காப்பீட்டு வரம்பை முதலிலேயே கேட்டுவிடுங்கள். 1991இல் மூளைக்காயம் பட்ட குத்துச்சண்டை வீரர் மைக்கேல் வாட்சன், பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்துக்கு எதிராக ஜெயித்தார். பத்து லட்சம் பவுண்ட் வரும் என்று பேச்சு இருந்தது. வாரியத்திடம் காப்பீடும் இல்லை, பணமும் இல்லை. 2001இல் 4 லட்சம் பவுண்டுக்கு முடித்துக்கொண்டார்.

கெடு நிறுவனம் வைத்தது, அதற்குப் பயப்பட வேண்டாம். சட்டம் வைக்கும் காலவரம்புக்குப் பயப்படுங்கள். பல நாடுகளில் இரண்டு அல்லது மூன்று வருடம்தான். 1994இல் இத்தாலியின் இமோலா ஓடுதளத்தில் பிரேசில் பந்தய ஓட்டுநர் அயர்டன் சென்னா இறந்த வழக்கில், ஸ்டீயரிங் தண்டை மாற்றியமைத்ததில் அவருடைய அணியின் தொழில்நுட்ப இயக்குநர் பேட்ரிக் ஹெட் மீது தவறு உண்டு என்று இத்தாலிய உச்ச நீதிமன்றம் சொன்னது 2007இல். தண்டிக்கும் காலம் அதற்குள் கடந்திருந்தது. அது குற்ற வழக்கு, உங்களுடையது உரிமையியல். ஆனாலும் கடிகாரம் இரண்டிலும் ஓடும்.

இன்றே ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஒருவரிடம் கொடுங்கள், யார் எப்போது திறந்தார் என்று நோட்டில் எழுதி வையுங்கள். பந்தய அமைப்பாளர்களுக்கு, காரின் உள்ளிருந்து எடுத்த வீடியோவையும் பந்தயத்துக்கு முந்தைய வாகனப் பரிசோதனைத் தாளையும் அழிக்கக் கூடாது என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். நிறுவனத்தின் வக்கீலுக்குத் தம்பி மனைவியின் பெயரில் இரண்டு வரி போதும்: "பெல்ட் பத்திரமாக உள்ளது. கூட்டுப் பரிசோதனைக்கான தேதியை எங்கள் வழக்கறிஞர் தெரிவிப்பார்."