கொழும்பில் தமிழ் கலை மண்டபம் ஒன்றை இறுதியாண்டு வடிவமைப்பாக எடுத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியின் கடைசி வரியில், "கூரையை யாழ் வடிவத்தில் போடலாமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, உங்களைப் பார்த்து அல்ல. மாணவனாக இருந்தபோது நானும் கொழும்பு வெள்ளவத்தைக்கென்று ஒரு நடன மண்டபம் வரைந்தேன். கூரை வீணை. குடத்துக்குள் அரங்கு, தண்டி நுழைவுப் பாதை, யாளி முகத்தில் டிக்கெட் கவுண்டர். மூன்று இரவு கண்விழித்து மொடல் செய்து, ஆசிரியர்கள் வடிவமைப்பை மதிப்பிடும் ஜூரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த ஆசிரியை ஒருவர் மொடலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "நிகழ்ச்சி முடியுது, வெளியில மழை. முந்நூறு பேர் ஓட்டோ வரும்வரை எங்க நிப்பினம்?" என்று மட்டும் கேட்டார். என் தண்டியில் இரண்டு பேர் சேர்ந்து நடந்தாலே இடிபடும்.

வடிவத்தை எங்கிருந்தும் எடுக்கலாம்தான். கொழும்பில் 2011இல் திறந்த தாமரைத் தடாக அரங்குக்குப் பொலன்னறுவைத் தாமரைக் குளம்தான் மூலம். ஆனால் அந்தக் குளம் இதழ் இதழாகக் கீழே இறங்குவது, நாம் கரையில் நின்று குனிந்து பார்ப்பது. அதையே நிமிர்ந்து பார்க்கும் கட்டடமாக்கினால் அனுபவம் தலைகீழாகிவிடுகிறது. முழுத் தாமரையைக் காண மேலே பறக்க வேண்டும். அவ்வளவு பெரிய திட்டத்துக்கே இந்தச் சிக்கல் என்றால், உங்கள் யாழைத் தெருவில் நிற்பவருக்கு யார் காட்டுவது?

சரி, எங்கே தொடங்குவது? அந்த ஜூரியில் நான் தோற்ற பிறகு செய்ததைச் சொல்கிறேன். இரண்டு மாதம் அழைப்பிதழ் கிடைத்த அரங்கேற்றம் ஒன்றையும் விடவில்லை. பின்வரிசையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். முதல் நாளே பிடிபட்டது: பெரும்பாலான மண்டபங்களில் நான்காம் வரிசைக்குப் பின்னால் ஆடுபவரின் பாதம் தெரிவதில்லை. பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் தட்டடவு காதில் விழுகிறது, கண்ணில் படுவதில்லை. பரதத்துக்குப் பாதம் தெரியாவிட்டால் அப்புறம் என்ன மண்டபம்! பார்வையாளரின் கண்ணிலிருந்து மேடைக்குப் போகும் பார்வைக்கோட்டை ஆடுபவரின் முகத்துக்கு வரையாதீர்கள். மேடைத் தரையின் முன்விளிம்புக்கு வரையுங்கள். அந்தக் கோடு முன்னால் இருப்பவரின் கண்மட்டத்துக்கு ஏறக்குறைய 12 செ.மீ. மேலால் போக வேண்டும். அப்படி வரைந்தால் இருக்கைகளின் சரிவு தானாகவே வந்துவிடும், கூரையின் உயரமும் அதன் பின்னால் வரும்.

மேடைத் தரையையும் கவனியுங்கள். கொங்கிறீட்டுக்கு மேல் டைல் ஒட்டி அதில் வெறுங்காலோடு இரண்டு மணி நேரம் ஆடச் சொன்னால் முழங்கால் என்னாவது? அடியில் சட்டம் அடித்து, மேலே பலகை போட்ட, கொஞ்சம் கொடுத்து வாங்கும் தரை வேண்டும். தாளம் தட்டிச் சொற்கட்டு (தாளச் சொற்கள்) சொல்லி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கக்காரருக்கும் ஆடுபவரின் கால் தெரிய வேண்டும். ஆனால் பக்கவாத்தியக்காரர் பக்க இருக்கைகளை மறைக்கவும் கூடாது. அவர்களுக்கென்று ஓரத்தில் தனி இடம் வரையுங்கள். ஒலிக்கு ஒரு குறிப்பு: எதிரொலி அடங்கப் பேச்சுக்கு 1 செக்கன் போதும், மேற்கத்திய சிம்பொனி 2 செக்கன் வரை கேட்கும். சொற்கட்டும் மிருதங்கமும் பேச்சின் பக்கம்தான். நீண்டால் சொல் குழைந்துவிடும்.

இப்போது அந்த ஓட்டோக் கேள்விக்கு வருகிறேன். முந்நூறு பேருக்கு, ஆளுக்கு அரைச் சதுர மீற்றர் என்றாலும் 150 சதுர மீற்றர் வேண்டும். வெள்ளவத்தையில் பல குடும்பங்களுடைய அப்பார்ட்மென்டைவிட அது பெரிது. இதை 'லொபி' என்று வரையாதீர்கள், விறாந்தை என்று வரையுங்கள். 1877இல் திறந்த கொழும்பு அருங்காட்சியகத்தின் வளைவு விறாந்தையில் ஒரு மத்தியானம் நின்று பாருங்கள். சுதந்திர நினைவு மண்டபத்துக்கும் போங்கள். கண்டி அரசரின் சபை மண்டபமான மகுல் மடுவையைப் பின்பற்றியது, சுவரே இல்லை. எந்த விழாவும் இல்லாத நாளிலும் படியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கட்டிய யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் திண்ணைக்கும் முற்றத்துக்கும் இருக்கும் வேலையும் இதுதான், டிக்கெட் இல்லாதவருக்கும் ஓர் இடம். யாழ்ப்பாணத்தை உள்ளே கொண்டுவர ஆசை என்றால் யாழை விட்டு இதை எடுங்கள்.

விறாந்தை நனையாமல் இருக்க, கூரை வெளியே நீளும் பகுதியான இறவாரம் நீள வேண்டும். மழை 45 பாகை சாய்ந்தால் 3 மீற்றர் உயரத் திறப்புக்கு 3 மீற்றர் இறவாரம் தேவை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடல் பக்கமிருந்து மழையைத் தள்ளும், அந்தப் பக்கத்தை இன்னும் இறக்குங்கள். தகரக் கூரை மட்டும் வேண்டாம், பெருமழையில் பரதத்தின் வர்ணப் பாட்டு கேட்காது.

காணி காலி வீதிக்கும் மெரைன் டிரைவுக்கும் இடையிலுள்ள ஒழுங்கை ஒன்றில் என்றால், கடற்கரையோரம் ரயில் ஓடுகிறது. ஒப்பனை அறை, களஞ்சியம், கழிவறை எல்லாவற்றையும் அந்தப் பக்கம் அடுக்கி, அரங்கைக் காலி வீதிப் பக்கம் தள்ளுங்கள். பஸ் சத்தத்தை விறாந்தையும் ஒரு மரமும் கொஞ்சம் தூரத்தில் வைக்கும், ரயிலுக்குக் கனமான சுவர்தான். முதல் ஷீட்டில் பிளானை வைக்காமல் கட்டடத்தை நெடுக்காக வெட்டி உள்ளே காட்டும் 1:50 வெட்டுமுகத்தை வையுங்கள், அதில் குடை இல்லாத ஆட்களையும் வரையுங்கள்.