ரோட்டரி எஞ்சினும் புரொப்பெல்லரும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் சொந்தமாக விமானம் கட்டுவோர் சிலர் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர்கள் சுழலும் மஸ்டா காரின் 13பி ரோட்டரி எஞ்சினைப் பொருத்துகிறார்கள். எஞ்சினுக்கும் புரொப்பெல்லர் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ரப்பர் புஷ் வைத்த தட்டு ஒன்று இருக்கிறது. அதிர்வில்லாத எஞ்சின் என்று பெயர் பெற்ற இதற்கு ரப்பர் எதற்கு? தடித்த எஃகுத் தண்டால் நேரே இணைத்தால் இன்னும் உறுதியாக இருக்காதா?

பதில்: கியர்பாக்ஸின் தேவையில் ஐயமில்லை. 1.8 மீட்டர் விட்டமுள்ள புரொப்பெல்லரை நிமிடத்துக்கு 6000 சுற்றில் நேரே சுழற்றினால் அதன் நுனி வினாடிக்கு 565 மீட்டர் வேகத்தில், அதாவது ஒலியை விஞ்சி ஓடும். 2.85க்கு 1 என்ற கியர் விகிதம் அந்தச் சுற்றை ஏறத்தாழ 2100 ஆக்கிவிடுகிறது.

எஞ்சின் அதிர்வதில்லை என்பது அதன் உடலுக்குத்தான் பொருந்தும். தண்டில் வரும் முறுக்குவிசைக்கு அல்ல. இரண்டு ரோட்டர்கள் இருப்பதால் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு எரிப்புகள் நிகழ்கின்றன. ஒவ்வோர் உந்தலும் 270 பாகை நீள்வதால் அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கின்றனவே தவிர, அதை நீக்கிவிடுவதில்லை. ஆக, 6000 சுற்றில் வினாடிக்கு 200 துடிப்புகளும், எஞ்சின் 1500 சுற்றில் சும்மா ஓடும்போது 50 துடிப்புகளும் தண்டைத் தாக்குகின்றன.

ஒரு முனையில் ஃப்ளைவீலும் (எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரம்) மறுமுனையில் புரொப்பெல்லரும் கொண்ட தண்டு, எவ்வளவு தடித்ததாயினும், ஒரு முறுக்கு வில்தான். அதற்கென ஓர் இயல் அதிர்வெண், அதாவது முறுக்கிவிட்டால் வினாடிக்கு இத்தனை முறை தானாக அதிரும் என்ற எண், உண்டு. எஃகால் விறைப்பாக இணைக்கும்போது அந்த அதிர்வெண் 50க்கும் 200க்கும் இடையே விழுமானால், பறக்கும் வேகத்திலேயே துடிப்பும் இயல் அதிர்வெண்ணும் ஒன்றுசேரும் ஒத்ததிர்வு ஏற்பட்டு, சராசரியைப் போலப் பல மடங்கு விசை கியர்ப் பற்களை மாறி மாறி அறையும். அதை 200க்கும் மேலே தள்ளுமளவு விறைப்பாக்குவது கோட்பாட்டளவில் இயலும், நடைமுறையில் கடினம். எனவே ரப்பரால் இணைப்பைத் தளர்த்தி, ஒத்ததிர்வைச் சும்மா ஓடும் வேகத்துக்கும் கீழே இறக்கிவிடுகிறார்கள். எஞ்சினைக் கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் மட்டுமே அதைக் கடக்க நேர்கிறது. அப்போது கேட்கும் கடகட ஒலி அதனால்தான்.

பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. எஞ்சினின் பக்கமிருந்து பார்க்கையில், புரொப்பெல்லரின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி வேகம் மாறுவதை எதிர்க்கும் அளவு) கியர் விகிதத்தின் வர்க்கத்தால், 2.85 எனில் சுமார் எட்டால், வகுபடுகிறது. ஆகையால் உலோகப் புரொப்பெல்லரைக் கழற்றி இலகுவான மரப் புரொப்பெல்லரை மாட்டினாலோ, கியர் விகிதத்தைக் கூட்டினாலோ அந்த எதிர்ப்பு குறைந்து ஒத்ததிர்வு மேலேறிச் சும்மா ஓடும் வேகத்தைத் தொட்டுவிடலாம். எடை குறைந்தால் பாதுகாப்பு கூடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. ஒரு விமானத்தில் நன்றாக ஓடிய இணைப்பை அப்படியே இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புரொப்பெல்லரின் இழுவிசையைக் கியர்பாக்ஸின் சொந்தத் த்ரஸ்ட் பேரிங் (தண்டின் நீளவாக்கில் வரும் விசைக்கான பேரிங்) தாங்க வேண்டும். எஞ்சின் தண்டுக்கு அது போய்ச் சேரக் கூடாது. வெப்பத்தால் ரப்பர் இறுகுமென்பதால் அதை அவ்வப்போது கழற்றிப் பார்ப்பதும் அவசியம்.

கேள்வி: கியருக்குப் பதிலாகப் பெல்ட் போடலாமா?

பதில்: போடலாம். ஜெர்மனியின் ஆஷ் 26இ கிளைடரில் (பெரும்பாலும் எஞ்சினின்றி மிதந்து பறக்கும் விமானம்) ரோட்டரி எஞ்சின் உடலுக்குள்ளேயே இருக்க, மேலே எழும் கம்பத்தின் உச்சியிலுள்ள புரொப்பெல்லரைப் பல்லுள்ள பெல்ட் சுழற்றுகிறது. ஆனால் பெல்ட்டும் ஒரு வில்தான். மேற்சொன்ன கணக்கை அதற்கும் போட்டாக வேண்டும்.