பார்த்த முகம்தான், யார் என்றுதான் தெரியவில்லை

கேள்வி: மூளைக்காய்ச்சலில் பிழைத்து வந்த என் கணவருக்குப் புதிதாக எதுவும் மனதில் நிற்பதில்லை. மூன்று மாதமாகத் தினமும் வரும் பிசியோதெரபி பெண்ணை, "யாரும்மா நீ?" என்றுதான் கேட்கிறார். ஆனால் அந்தப் பெண் பக்கத்தில் வந்ததும் கையை நீட்டிவிடுகிறார். அவருக்குப் பதிலாக வேறு யாராவது வந்தால் தொடவே விடுவதில்லை. "அப்பா நடிக்கிறார்" என்கிறான் மகன். அப்படியும் இருக்குமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நடிப்பு இல்லை அம்மா. இதை முதலில் மகனிடம் சொல்லுங்கள்.

அடையாளம் கண்டுகொள்வது ஒரே வேலை மாதிரித் தோன்றும். உள்ளே நடப்பது இரண்டு. போன மாதம் ஒரு கல்யாணத்தில் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நன்றாகத் தெரிந்த முகம். பெயரோ, எங்கே பார்த்தேன் என்பதோ வரவில்லை. பந்தியில் ரசம் ஊற்றும்போதுதான் சட்டென்று பிடிபட்டது: எங்கள் தெரு மருந்துக்கடையில் சீட்டை வாங்கி மாத்திரை எடுத்துத் தருபவர். 'பார்த்த முகம்' என்ற உணர்வு முந்திக்கொண்டது, எங்கே, எப்போது என்ற நினைவு பிறகு வந்தது. பிந்தி வந்த இந்த நினைவுக்கு, மூளையின் பக்கவாட்டில் உள்ளடங்கி இருக்கும் ஹிப்போகாம்பஸ் வேண்டும். சிலவகை மூளைக்காய்ச்சல் அந்தப் பகுதியைத்தான் அதிகம் தாக்கும். அக்கம்பக்கமும் சேர்ந்து பழுதானால் 'பார்த்த முகம்' என்ற உணர்வுகூட மங்கிவிடும்.

அப்போதும் அடியில் ஒன்று மிஞ்சுகிறது. ஜெனீவாவில் எடுவார் கிளாபரேட் என்ற மருத்துவர் 1911-இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். 47 வயதுப் பெண்மணி, தினமும் பார்க்கும் மருத்துவரையே புது ஆள் என்பார். ஒருநாள் கிளாபரேட் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு கைகுலுக்கினார். குத்திய வலியையும் அந்த அம்மா சீக்கிரமே மறந்துவிட்டார். ஆனால் கிளாபரேட் மறுபடி கை நீட்டியதும் அந்த அம்மா வெடுக்கென்று தன் கையை இழுத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டால், சிலர் கையில் ஊசி ஒளிந்திருக்கும் என்று பொதுவாகச் சொன்னாரே தவிர, தனக்கு நடந்ததாகச் சொல்லவில்லை. நோயாளியிடம் அப்படிச் செய்தது தப்பு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்த இழுத்துக்கொண்ட கை என் மனதை விட்டுப் போகவே இல்லை.

உங்கள் கணவர் நீட்டும் கை அதற்கு நேர் எதிர். இந்தப் பெண் வலிக்காமல் பிடிப்பார் என்பது அவருக்குள் எங்கோ பதிந்திருக்கிறது. பதிந்திருப்பது அவருக்கே தெரியாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? "இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். குத்துமதிப்பாக ஒரு தப்பான பெயரைச் சொல்வார். நீங்கள் திருத்தியது மறந்துபோகும், அந்தத் தப்பு மட்டும் படிந்துவிடும். இங்கிலாந்தில் பார்பரா வில்சன், ஆலன் பேட்லி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1994-இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெண் உள்ளே வரும்போதே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரட்டும். நேரத்தையும் மாற்றாதீர்கள். அப்புறம், வேறொருவர் வரப்போகிறார் என்றால் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே இருவரையும் சேர்ந்து வரச் சொல்லுங்கள். பழகியவர் முதலில் கையைப் பிடித்து, பிறகு மற்றவரிடம் கொடுக்கட்டும்.