வீவக வீட்டில் இருந்துகொண்டு மோர்ஸ் பழக பயிற்சிக் கருவியும் கீயரும் வாங்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் இன்னும் எடுக்கவில்லை. மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் முறை) பழக மின்னணுப் பயிற்சிக் கருவியும், அந்த ஒலிகளை அளந்து போடும் கீயரும் வாங்கலாமா, கைபேசிச் செயலியே போதுமா? எந்த வேகத்தில் தொடங்குவது?

வாங்கலாம். உரிமம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பயிற்சிக் கருவியின் ஓசை உங்கள் ஹெட்போனுக்குள்தான் கேட்கும், காற்றில் எதுவும் போகாது. ஆண்டெனாவை எங்கே கட்டுவது, அதற்கு யாரிடம் அனுமதி கேட்பது என்ற கவலையெல்லாம் பிறகு வருபவை. நான் ஈசூனில் பதினோராவது மாடியில், பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பழகியவள். ஆனால் தொடங்கிய விதம் தப்பாகி ஒன்றரை ஆண்டை வீணாக்கினேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

ஆங்கில எழுத்துகளுக்கு எதிரே புள்ளியும் கோடும் போட்ட அட்டவணை ஒன்றை அச்செடுத்துக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். பத்தே நாளில் மனப்பாடம். எந்த எழுத்தைக் கேட்டாலும் புள்ளி, கோடு என்று சொல்லிவிடுவேன். ஆனால் ஓசையாகக் கேட்டபோது காது வாங்கியதை மனம் எண்ணி, புள்ளி கோடாக மாற்றி, அட்டவணையில் தேடி எழுத்தைக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த இரண்டு எழுத்துகள் ஓடிவிடும். நிமிடத்துக்கு ஏழெட்டுச் சொல் வரை சமாளித்தேன். பத்தை நெருங்கியதும் அப்படியே நின்றுவிட்டேன். மாதக்கணக்கில் அதே இடம்.

என் பெரியப்பா கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவர். 1999 பிப்ரவரி 1 முதல் கப்பல்களுக்கான புதிய அவசரத் தொடர்பு முறை முழுமையாக நடப்புக்கு வந்ததும், மோர்ஸ் கேட்கவென்று கப்பலில் ஆள் வைக்கும் கட்டாயம் போய்விட்டது. அவர் ஒரு தீபாவளிச் சாப்பாட்டுக்கு வந்தபோது கதவில் இருந்த அட்டவணையைப் பார்த்தார். “என்னம்மா இது, காதால படிக்க வேண்டியதைக் கண்ணால படிச்சு வெச்சிருக்கே? முதல்ல அதைக் கிழிச்சுப் போடு” என்றார். அன்றே கிழித்தேன். ஆனால் மனத்தில் ஒட்டியிருந்ததைக் கிழிக்கப் பல மாதம் ஆனது.

எனக்கு விஷயம் விளங்கியது என் மகனைப் பார்த்துத்தான். அவன் மிருதங்கம் படிக்கிறான். முதல் சில வாரம் வாத்தியார் அவனைச் சொல்லத்தான் வைத்தார். தாளம் போட்டுக்கொண்டு ‘தகதிமி’, ‘தகிட’ என்று வாயால் சொல்லி, அது உடம்பில் ஏறிய பிறகுதான் கை தோலில் பட்டது. ‘தகிட’வை யாரும் மூன்று தட்டு என்று எண்ணிக் கேட்பதில்லை, அது ஒரே உரு. மோர்ஸும் அப்படித்தான். புள்ளியின் ஓசையை டிட் (எழுத்தின் நடுவில் டி) என்றும் கோட்டின் ஓசையை டா என்றும் சொல்வோம். கே என்ற எழுத்து ‘டா-டி-டா’. அதில் கோடு எத்தனை, புள்ளி எத்தனை என்று கேட்டால் எனக்கு இப்போது யோசித்துத்தான் சொல்ல வரும். அந்த நிலைதான் வேண்டும்.

கால அளவு நமக்குப் புதிதும் அல்ல. பள்ளியில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, அளபெடைக்கு மூன்று என்று படித்தோமே, அதைப் போலத்தான். டிட் ஒரு மாத்திரை என்றால் டா மூன்று மாத்திரை. ஓர் எழுத்துக்குள் ஒலிகளுக்கு நடுவே ஒரு மாத்திரை இடைவெளி, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. வேகத்தை அளக்க ‘பாரிஸ்’ என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் அனுப்பினால், பின்னால் வரும் சொல் இடைவெளியும் சேர்த்துச் சரியாக 50 மாத்திரை. நிமிடத்துக்கு 20 சொல் என்றால் ஒரு டிட் 60 மில்லிவினாடி. ஐந்து சொல் வேகத்தில் அது 240 மில்லிவினாடி. அவ்வளவு நேரம் கிடைத்தால் யாருக்கும் எண்ணத்தான் தோன்றும். அதனால் மெதுவாகத் தொடங்குவது எளிது என்று நினைத்து ஐந்து சொல்லில் வைத்துவிடாதீர்கள். நான் கெட்டது அங்கேதான்.

கருவியில் செய்ய வேண்டிய அமைப்பு இது. எழுத்தின் வேகம் 18 அல்லது 20 சொல். எழுத்துகளுக்கு இடையிலான வெளியை மட்டும் நீட்டி, மொத்த வேகம் எட்டு அல்லது பத்துச் சொல்லாக வரும்படி வையுங்கள். கருவியின் பட்டியலில் இது ‘ஃபார்ன்ஸ்வொர்த்’ என்ற பெயரில் இருக்கும். எழுத்து ஓடி முடிந்துவிடும், எண்ண நேரம் இராது, ஆனால் எது என்று உணர நேரம் இருக்கும். ஓசையின் சுருதியை 600 ஹெர்ட்ஸ் அருகே வைத்தால் நெடுநேரம் கேட்டாலும் காது வலிக்காது.

எழுத்துகளை எந்த வரிசையில் சேர்ப்பது என்பதற்கு ‘காக்’ முறை. 1930களில் லுட்விக் காக் என்ற ஜெர்மன் உளவியலாளர் வகுத்தது. முதலில் இரண்டே எழுத்து, பெரும்பாலான கருவிகளில் கே, எம். முழு வேகத்தில் கேட்டு நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக எழுதினால்தான் மூன்றாவது எழுத்து. பிறகு நான்காவது. எனக்கு ஓர் எழுத்து சிலசமயம் ஒரே நாளில் பிடிபட்டது, சிலசமயம் ஒரு வாரம் பிடித்தது. எஸ், எச், 5 மூன்றும் வெறும் டிட்டுகளாகவே இருப்பதால் அவற்றில் அதிகம் தடுமாறினேன். அங்கே அவசரப்படாதீர்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் உட்கார்வதைவிடக் காலையில் பதினைந்து நிமிடம், இரவில் பதினைந்து நிமிடம் எனக்கு நன்றாக வேலை செய்தது. காலைப் பங்கை ஈசூனிலிருந்து சிட்டி ஹால் போகும் எம்ஆர்டியில் முடித்துவிடுவேன். ரயிலில் எழுத முடியாது, தலைக்குள்ளேயே வாங்கிப் பழக வேண்டியிருந்தது. அதுவே பின்னால் பெரிய உதவியானது.

இந்தக் கட்டம் வரை செயலியே போதும். எல்சிடபிள்யூஓ என்ற இலவச இணையதளத்தில் காக் பாடங்கள் முழுவதும் இருக்கின்றன. தனிக் கருவியின் அருமை கை வேலை தொடங்கும்போதுதான் தெரியும். பாதி எழுத்துகளையாவது காது பிடித்த பிறகு பேடிலைத் தொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. காது அறியாத எழுத்தைக் கை அனுப்பினால் தப்பு எங்கே என்று உங்களுக்கே தெரியாது.

பேடில் என்பது மோர்ஸ் அனுப்ப விரலால் அழுத்தும், இரண்டு துடுப்பு கொண்ட சாவி. வலக்கைக்காரருக்குக் கட்டைவிரல் பக்கம் டிட், ஆள்காட்டி விரல் பக்கம் டா. கீயர் என்ற மின்னணுச் சுற்று, விரல் அழுத்தி இருக்கும்வரை அளவு பிசகாமல் டிட்டையோ டாவையோ போட்டுக்கொண்டிருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மாறி மாறி வரும். சி என்ற எழுத்து ‘டா-டி-டா-டிட்’. நான்கு முறை தட்டாமல் ஒரே பிடியில் முடித்துவிடலாம்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. கீயரில் ஏ, பி என்று இரண்டு முறை உண்டு. ஏ முறையில் இரண்டு விரலையும் விட்டால் ஓடிக்கொண்டிருக்கும் ஒலியோடு நின்றுவிடும். பி முறையில் அது முடிந்ததும் எதிர் ஒலி ஒன்று கூடுதலாக வரும். நான் ஏ முறையில் பழகினேன். பிறகு வாங்கிய இரண்டாவது கீயர் பி முறையில் வந்திருந்தது. நான் அனுப்பும் சி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு டா ஒட்டிக்கொண்டது. என் கைதான் கெட்டுவிட்டது என்று இரண்டு வாரம் தவித்தேன். பி முறையில் பழகியவர் ஏ முறைக்குப் போனால் இதற்கு நேர்மாறு, அவருடைய சி குறைந்து கே ஆகிவிடும். எந்த முறை என்று முதல் நாளே முடிவுசெய்து, எல்லாக் கருவியிலும் அதையே வையுங்கள்.

இணைப்பு வயர் பற்றியும் சொல்ல வேண்டும். பேடிலுக்கு மூன்று தொடர்பு கொண்ட ஸ்டீரியோ பிளக் வேண்டும். சிம் லிம் டவரில் அவசரமாக மோனோ பிளக் வாங்கி வந்து பற்றவைத்தேன். செருகியதுமே டா-டா-டா என்று நிற்காமல் ஓடியது. மோனோ பிளக் டா முனையை மின்சுற்றின் தரையோடு (கிரவுண்ட்) சேர்த்துவிடுகிறது, அவ்வளவுதான். பின்னாளில் கீயரை ரேடியோவோடு இணைக்கும்போது ரேடியோவின் அமைப்பைச் சாதாரணச் சாவிக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ரேடியோவுக்குள் இருக்கும் கீயரும் சேர்ந்துகொண்டு எல்லாவற்றையும் குழப்பும். நம் ஊர் ஈரக்காற்றில் பேடிலின் தொடுமுனைகள் மங்கிப் போய் ஒலி விட்டுவிட்டு வரும். உப்புத்தாள் போட வேண்டாம், வெறும் காகிதத் துண்டை நடுவில் வைத்து மெல்ல இழுத்தாலே சரியாகிவிடும்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது. கீயர் டிட்டையும் டாவையும் அளந்து தரும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் விடும் வெளியைப் பெரும்பாலும் அது தராது, அது உங்கள் கையில்தான். தமிழில் ‘பலகை’ ஒன்று, ‘பல கை’ வேறொன்று. மோர்ஸில் ஏ (A), என் (N) இரண்டையும் வெளி விடாமல் சேர்த்தால் பி (P) ஆகிவிடும். ஈ (E), டி (T) சேர்ந்தால் ஏ (A). நான் முதன்முதலாகப் பெரியப்பாவுக்கு அனுப்பிக் காட்டியபோது ஒலி ஒவ்வொன்றும் கத்தரித்தாற்போல் இருந்தது. அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “எழுத்து அழகா இருக்கும்மா. ஆனா நீ மூச்சு விடவே மாட்டேங்கிறே. கேட்கிறவன் எங்கே நின்னு எழுதுவான்?” என்றார். இயந்திரம் ஒலியை ஒழுங்காக்கித் தந்ததால் என் வெளி தப்பாக இருப்பதே எனக்குத் தெரியாமல் போயிருந்தது.

அதற்கு மருந்து, கருவிகளில் இருக்கும் எதிரொலிப் பயிற்சி. கருவி ஒரு சொல்லை ஒலிக்கும், நீங்கள் பேடிலால் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். வெளி பிசகினால் அது வேறு எழுத்தாகப் படித்துத் தப்பு என்று காட்டிவிடும். மனிதக் காது ஊகித்து வாங்கிக்கொள்வதைக் கருவி வாங்காது, அந்தக் கண்டிப்புதான் நமக்கு வேண்டியது. தினமும் நூறு சொல் இப்படித் திருப்பி அனுப்பினேன். என்னுடையதைப் பதிவுசெய்து மறுநாள் நானே எழுதிப் பார்க்கவும் செய்தேன். என் கையை நானே படிக்க முடியாத நாள்கள் இருந்தன.

ஆகவே கருவி வாங்கும்போது நான்கு வசதி இருக்கிறதா என்று பாருங்கள்: காக் பாடம், எழுத்து வேகத்தையும் இடைவெளியையும் தனித்தனியே மாற்றும் வசதி, எதிரொலிப் பயிற்சி, வெளிப் பேடிலுக்கான இணைப்பு. ஆஸ்திரியாவில் உருவான மோர்செரினோ-32 இவை நான்கையும் ஒரே பெட்டியில் தருகிறது, நான் வைத்திருப்பது அதுதான். அதில் லோரா என்ற வானொலிப் பகுதியும் உண்டு. அதை இயக்குமுன் இங்குள்ள அலைவரிசை விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள், பயிற்சிக்கு அது தேவையில்லை. பழைய ஹாம்கள் பலர் எம்எஃப்ஜே நிறுவனத்தின் சட்டைப்பை அளவுக் கருவியில் பழகியவர்கள். அந்நிறுவனம் 2024 மே மாதம் தன் ஆலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது, ஆகவே கைமாறி வருவதை வாங்கினால் வேலை செய்கிறதா என்று நேரில் பார்த்து வாங்குங்கள்.

2003 ஜெனீவா மாநாட்டுக்குப் பிறகு சிற்றலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வு வேண்டும் என்ற உலகளாவிய கட்டாயம் போய்விட்டது. பிறகு ஏன் இந்தப் பாடு என்று உங்கள் வீட்டிலும் கேட்பார்கள். அடுக்குமாடி வாசிக்கு நல்ல காரணம் இருக்கிறது. பேச்சுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்கு இருநூறுக்குள் போதும். இருக்கிற சக்தி முழுவதும் அந்தச் சின்ன இடுக்கில் குவிவதால் ஐந்து வாட்டும் ஒரு சிறிய கம்பியும் கடல் கடக்கும். பெரிய ஆண்டெனா கட்ட இடமில்லாத நமக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

காது கொஞ்சம் பிடிபட்டதும், இங்கே ஹாம் உரிமம் தரும் அரசு அமைப்பான ஐஎம்டிஏவின் உரிமத்துக்குப் படித்துக்கொண்டே உண்மையான அலைகளைக் கேட்கத் தொடங்குங்கள். ரேடியோ இல்லாவிட்டால் நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் திறந்துவைத்திருக்கும் வானொலி வாங்கி இருக்கிறது. ரேடியோ இருந்தால் 14.100 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். உலகெங்கும் உள்ள 18 நிலையங்கள் பத்துப் பத்து வினாடியாக முறைவைத்து அங்கே ஒலிக்கும், மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. ஒவ்வொன்றும் தன் அழைப்புக் குறியை 22 சொல் வேகத்தில் சொல்லிவிட்டு, நான்கு நீண்ட டா போடும். முதலாவது 100 வாட், அடுத்து 10, பிறகு 1, கடைசியில் பத்தில் ஒரு வாட்.

நான் காகிதம் இல்லாமல் முதன்முதலாக வாங்கியது அங்கேதான். ஒரு சனிக்கிழமை மாலை, இரைச்சலுக்கு நடுவே 4எஸ்7பி என்று வந்தது. கொழும்பு. நான்கு டாவில் மூன்றாவது வரை கேட்டேன், ஒரு வாட். உடனே பெரியப்பாவைக் கைபேசியில் அழைத்து, அடுத்த சுற்று வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்து, கைபேசியை ஸ்பீக்கர் அருகே பிடித்தேன். குறி முடியுமுன்பே மறுமுனையில் அவர் “கொழும்பு” என்றார்.